மள்லூமுடன் நடந்து செல்லுங்கள்

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நீதியை நிலைநாட்ட வந்த அண்ணல் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக! ஆமீன்.

 

நமது மஹல்லாவில் ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்துவிட்டால் யாரும் அழைக்காமலேயே ஊர் திரண்டு விடுகிறது. குளிப்பாட்ட ஒருவர், கஃபன் துணி வாங்க ஒருவர், கப்ரு தோண்ட நால்வர், வந்தவர்களுக்கு உணவு சமைக்க ஒரு கூட்டம் எனப் பணிகள் தாமாகவே பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. அதே வீட்டில் ஒருவர் வெட்டுப்பட்டு வந்தாலோ, ஒரு பெண் கணவனால் அடித்துத் துன்புறுத்தப்பட்டாலோ, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்துவிட்டாலோ, அந்த வாசலில் நிற்க ஆள் இருப்பதில்லை. போலீஸ் நிலையம் எது, யாரிடம் எழுதிக் கொடுப்பது, நீதிமன்றத்தில் எந்த அறையில் நிற்பது என்பதெதுவும் அறியாமல் அந்தக் குடும்பம் தன்னந்தனியாக அலைகிறது. நாமோ, "நமக்கேன் வம்பு?" என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்காகக் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் துணை நிற்பதும், அவருக்காகப் பேசுவதும் மார்க்கத்தின் பார்வையில் எத்தகைய கடமை என்பதையும், இன்றைய நமது நாட்டுச் சட்டத்தில் அக்கடமையை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதையும் இந்த ஜுமுஆவில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஏழு கட்டளைகளில் ஒன்று

நபி (ஸல்) அவர்கள் தங்களுக்கு ஏழு காரியங்களைக் கட்டளையிட்டதாக பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நோயாளியை நலம் விசாரிப்பது, ஜனாஸாவைப் பின்தொடர்வது, தும்மியவருக்குப் பதில் கூறுவது, ஸலாமைப் பரப்புவது, விருந்தழைப்பை ஏற்பது, சத்தியத்தை நிறைவேற்றத் துணைபுரிவது ஆகியவற்றோடு, மள்லூமுக்கு, அதாவது அநீதியிழைக்கப்பட்டவருக்கு உதவுவதும் அந்த ஏழில் ஒன்றாகும். (புகாரீ, முஸ்லிம்)

ஜனாஸாவைப் பின்தொடர்வதும் அநீதியிழைக்கப்பட்டவருக்கு உதவுவதும் ஒரே ஹதீஸில், ஒரே வரிசையில் இடம்பெறுகின்றன. முதலாவதை நாம் ஒருபோதும் விடுவதில்லை. இரண்டாவதை நம்மில் பெரும்பாலோர் கடமையாகவே கருதுவதில்லை. மார்க்க அறிஞர்கள் இதனை ஃபர்ளு கிஃபாயா என்று விளக்குகிறார்கள். சிலர் நிறைவேற்றினால் அனைவர் மீதுள்ள கடமையும் நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் ஊரே குற்றவாளியாகும்.

மள்லூமின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் திரையேதும் இல்லை என்று முஆத் (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். (புகாரீ) ஒதுங்கி நின்ற நம்மைப் பற்றி அந்த மள்லூம் தன் இரட்சகனிடம் என்ன முறையிடுவார் என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

அபூஜஹ்லின் வாசல் வரை

உதவுவது என்றால் என்ன? அனுதாபம் தெரிவித்து அனுப்பி வைப்பதா? இதற்கு ஸீராவில் தெளிவான விடை இருக்கிறது.

இராஷ் குலத்தைச் சேர்ந்த ஒரு வெளியூர்க்காரர் ஒட்டகங்களுடன் மக்காவுக்கு வந்தார். அபூஜஹ்ல் அவற்றை வாங்கிக்கொண்டு விலையைக் கொடுக்காமல் இழுத்தடித்தான். அவர் குறைஷியரின் சபைக்கு வந்து, தாம் அன்னியர், வழிப்போக்கர் என்று கூறி, உரிமையை வாங்கித் தர யாரேனும் உண்டா என்று கேட்டார். அந்தச் சபையினருக்கு அபூஜஹ்ல் நபி (ஸல்) அவர்கள் மீது கொண்டிருந்த பகை நன்றாகத் தெரியும். கேலி செய்யும் நோக்கத்துடன், பள்ளியின் ஓரத்தில் அமர்ந்திருந்த நபியவர்களைச் சுட்டிக்காட்டி, "அவரிடம் போ" என்றார்கள். அந்த மனிதரும் சென்று முறையிட்டார். நபி (ஸல்) அவர்கள் உடனே எழுந்து அவருடன் நடந்தார்கள். அபூஜஹ்லின் கதவைத் தட்டினார்கள். வெளியே வந்த அவனிடம், இம்மனிதருக்குரிய உரிமையைக் கொடுத்துவிடு என்று கூறினார்கள். முகம் வெளிறிப்போன அபூஜஹ்ல் மறுபேச்சின்றி உள்ளே சென்று பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். அதன் பிறகே நபியவர்கள் அந்த மனிதரை விட்டுத் திரும்பினார்கள். இப்னு இஸ்ஹாக் (ரஹ்) அவர்களின் ஸீராவில் இந்நிகழ்ச்சி இடம்பெறுகிறது.

இதிலுள்ள படிப்பினைகளைக் கவனியுங்கள். வந்தவர் எந்தக் குலம், எந்த மதம் என்று நபியவர்கள் விசாரிக்கவில்லை. எதிரி செல்வாக்குள்ளவன் என்று தயங்கவில்லை. "நீ போய் இப்படிக் கேள்" என்று யோசனை மட்டும் சொல்லி அனுப்பவில்லை. அவருடன் நடந்து சென்றார்கள். உரிமை அவர் கைக்கு வந்து சேரும்வரை உடனிருந்தார்கள். பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பதன் முழு இலக்கணமும் இந்த ஒரு நடையில் அடங்கியிருக்கிறது.

நபித்துவத்திற்கு முன்னரே, ஏறத்தாழ இருபது வயதில், அண்ணலார் 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்னும் உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். யமனிலிருந்து வந்த ஒரு வணிகரின் சரக்கை வாங்கிக்கொண்டு மக்காவின் பெருந்தலைவர்களில் ஒருவரான ஆஸ் இப்னு வாயில் பணம் தர மறுத்தபோது, அந்த வணிகர் அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று முறையிட்டார். குறைஷிக் குலத்தாரில் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பாரின் இல்லத்தில் கூடி, மக்காவில் அநீதியிழைக்கப்பட்ட எவருக்கும் உரிமை கிடைக்கும்வரை ஒன்றாக நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் தாம் இணங்குவதாக நபியவர்கள் கூறினார்கள். நீதிக்காகப் பிற சமயத்தாருடன் கைகோர்ப்பது ஸுன்னத்தான வழிமுறை என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

கதாதா (ரலி) அவர்களின் முறையீடு

பாதிக்கப்பட்டவருக்காகப் பேசப் போகிறவர் எத்தகைய சோதனையைச் சந்திப்பார் என்பதையும் நமது மார்க்கம் மறைக்கவில்லை. திர்மிதீயில் இடம்பெறும் அறிவிப்பு ஒன்றைக் கேளுங்கள்.

மதீனாவில் ரிஃபாஆ இப்னு ஸைத் (ரலி) என்னும் முதியவர் ஷாம் நாட்டு வணிகர்களிடம் உயர்ரக மாவு வாங்கித் தமது களஞ்சிய அறையில் வைத்திருந்தார். அவருடைய கவசமும் வாளும் அங்கேதான் இருந்தன. ஓர் இரவு அந்த அறை உடைக்கப்பட்டு அனைத்தும் களவு போயின. பனூ உபைரிக் என்னும் குடும்பத்தார் மீது சந்தேகம் எழுந்தது. அவர்களோ லபீத் இப்னு ஸஹ்ல் என்னும் நல்ல மனிதர் மீது பழியைத் திருப்பப் பார்த்தார்கள். முதியவரின் சகோதரர் மகனான கதாதா இப்னு நுஃமான் (ரலி) அவர்கள் அவருக்காக நபி (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார்கள். உணவுப்பொருள் போகட்டும், ஆயுதங்களையாவது திருப்பித் தரட்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. விசாரிப்பதாக நபியவர்கள் கூறினார்கள்.

செய்தியறிந்த பனூ உபைரிக் தரப்பினர் திரண்டு வந்தார்கள். மார்க்கப் பற்றும் நற்பெயரும் உள்ள எங்கள் வீட்டார் மீது ஆதாரமில்லாமல் திருட்டுப் பழி சுமத்துகிறார்கள் என்று முறையிட்டார்கள். வெளிப்படையான ஆதாரம் இல்லாத நிலையில் நபி (ஸல்) அவர்கள் கதாதாவைக் கடிந்துகொண்டார்கள். மனமொடிந்து திரும்பிய கதாதா (ரலி) அவர்கள், தமது செல்வத்தில் ஒரு பகுதி போயிருந்தாலும் பரவாயில்லை, இதைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கலாமே என்று வருந்தினார்கள். முதியவரோ அல்லாஹ்வே உதவி செய்யப் போதுமானவன் என்று பொறுமை காத்தார்.

அப்போதுதான் அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலான வசனங்கள் அருளப்பெற்றன. மோசடிக்காரர்களுக்காக வாதாடுபவராக ஆகிவிட வேண்டாம் என்று அல்லாஹ் கட்டளையிட்டான். இம்மையில் அவர்களுக்காக வாதாடுகிறீர்கள், மறுமையில் அல்லாஹ்விடம் அவர்களுக்காக வாதாடப் போகிறவர் யார் என்று அவர்களின் குலத்தாரை நோக்கிக் கேட்டான் (4:109). ஆயுதங்கள் திரும்பி வந்தன. அந்த முதியவர் அவற்றை அல்லாஹ்வின் பாதையில் வழங்கிவிட்டார்.

கண்ணியமிக்கவர்களே! குற்றம் செய்தவனுக்காகப் பேச ஒரு குலமே வருகிறது. "எங்கள் குடும்பம் அப்படிப்பட்டதல்ல" என்கிறது. பாதிக்கப்பட்டவருக்காகப் பேச ஒரே ஒருவர் வருகிறார். பேசியதற்காக வருந்தவும் நேர்கிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்தைய இந்தக் காட்சியை நமது மஹல்லாக்களில் இன்றும் காணலாம். அல்லாஹ்வின் வசனங்கள் அந்த ஒருவருக்கு ஆதரவாக இறங்கின என்பதே இதில் நாம் பெறவேண்டிய பாடம்.

மன்னிக்கும் உரிமை யாருக்கு?

நமது ஜமாஅத்துகள் எத்தனையோ பிணக்குகளை நல்ல முறையில் தீர்த்துவைக்கின்றன. கொடுக்கல் வாங்கல், எல்லைத் தகராறு, வாய்ச்சண்டை போன்றவற்றில் ஸுல்ஹ் செய்துவைப்பது நன்மை தரும் காரியம். ஆனால், கொலை, பாலியல் கொடுமை, குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமை போன்றவற்றையும் "ஊர் மானம் போய்விடும்" என்று அறைக்குள் வைத்துப் பேசி, ஒரு தொகையைக் கொடுத்து, எழுதி வாங்கி முடிப்பதைச் சமாதானம் என்று கூற முடியாது.

மன்னிப்பது உயர்ந்த பண்பு. அந்த உரிமை பாதிக்கப்பட்டவருக்கும், கொலையானால் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. கிஸாஸ் பற்றிய வசனத்திலும் (2:178), அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் வாரிசுக்கு அதிகாரம் அளித்திருப்பதாகக் கூறும் வசனத்திலும் (17:33) இது தெளிவாகவே இருக்கிறது. அடுத்தவருடைய உரிமையை நாம் மன்னித்துக் கொடுப்பது, அடுத்தவருடைய பணத்தில் ஸதகா செய்வதைப் போன்றது. தீய சொற்களைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை. ஆனால் அநீதியிழைக்கப்பட்டவருக்கு அதில் விலக்களிக்கிறான் (4:148). அல்லாஹ்வே பேச அனுமதித்த வாயை மூடுவதற்கு நமக்கு அதிகாரம் ஏது?

நாட்டுச் சட்டமும் இதையே கூறுகிறது. எந்தெந்தக் குற்றங்களைச் சமரசமாக முடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. கொலையும் பாலியல் வன்கொடுமையும் அதில் இல்லை. இத்தகைய கொடிய குற்ற வழக்குகளைச் சமரசத்தின் பேரில் ரத்து செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. குழந்தை மீதான பாலியல் குற்ற வழக்கு ஒன்று சமரசத்தைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டிருந்ததை, 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிப்பது அச்சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி கட்டாயம். மறைப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழே பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. முத்தவல்லி, இமாம், மக்தப் மதரஸாவின் உஸ்தாது ஆகியோருக்கு இதில் விலக்கில்லை. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குள்ளாகிறது என்று அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் எச்சரிப்பதையும் இதனுடன் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

நீதிமன்றத்தில் மள்லூமின் இடம்

குற்ற வழக்கை நடத்துவது அரசு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு வழக்கறிஞர் இருப்பார். அரசுக்கு அரசு வழக்கறிஞர் இருப்பார். அடிபட்டவரோ நீண்ட காலம் வெறும் சாட்சியாக மட்டுமே கருதப்பட்டார். ஜாமீன் கிடைத்ததும், வாய்தா மாறியதும், குற்றவாளி விடுதலையானதும் அவருக்குத் தெரியாமலேயே நடந்தன.

இந்நிலை படிப்படியாக மாறியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் செய்யப்பட்டு 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 'பாதிக்கப்பட்டவர்' என்பவருக்கு முதன்முறையாகச் சட்டத்தில் இலக்கணம் வகுத்தது. மேல்முறையீட்டு உரிமையையும் இழப்பீட்டுத் திட்டத்தையும் அளித்தது. விசாரணை தொடங்கி மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் தமது கருத்தைக் கூறப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இவ்வுரிமைகளைத் தொடர்ந்து வழங்குவதோடு, சிலவற்றைக் கூட்டியும் இருக்கிறது.

உரிமை ஏட்டில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெற ஆள் வேண்டும். வழக்கறிஞராகப் பணியாற்றுபவர் ஒருவகைத் துணை. சட்டம் படிக்காவிட்டாலும் உடன் நடந்து, விவரம் கேட்டு, நினைவூட்டி, தைரியம் கூறுபவர் மற்றொரு வகைத் துணை. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் பயிற்சியளித்து அமர்த்தும் சட்டத் தன்னார்வலர்கள் இந்த இரண்டாம் வகையினரே. போக்சோ வழக்குகளில் குழந்தைக்கும் குடும்பத்தாருக்கும் வழக்கு முடியும்வரை உடனிருக்க ஒரு துணைநபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்க 2020ஆம் ஆண்டின் விதிகள் வழிசெய்கின்றன.

துணை நிற்பவர் செய்ய வேண்டியவை

முதலாவது, செவிமடுப்பது. கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) என்னும் பெண்மணி தம் கணவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். அதே அறையின் ஓரத்தில் இருந்த தமக்கே அப்பெண்ணின் பேச்சில் சில சொற்கள் கேட்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் அதைக் கேட்டு, அல்முஜாதலா அத்தியாயத்தை அருளினான். ஆகவே, பாதிக்கப்பட்டவர் பேசும்போது "நீ ஏன் அங்கே போனாய்? ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று குறுக்கிடாதீர்கள். முழுமையாகக் கேளுங்கள். அவர் சொன்னதைத் தேதியுடனும் நேரத்துடனும் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, மருத்துவம். அமிலவீச்சு, பாலியல் வன்கொடுமை ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடியாக இலவச சிகிச்சை அளித்தாக வேண்டும் என்பது சட்டம். போலீஸ் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்ல எந்த மருத்துவமனைக்கும் உரிமையில்லை. அணிந்திருந்த உடைகளைத் துவைக்காமல் ஒப்படைக்கச் சொல்லுங்கள்; அவை சான்றாகும்.

மூன்றாவது, புகார். குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். "இது எங்கள் எல்லையில்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. அதன் நகலை இலவசமாகப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. மனு ஏற்பு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அது முதல் தகவல் அறிக்கை ஆகாது என்பதை அறிந்துகொள்ளுங்கள். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதிலும் பயனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவுசெய்ய வேண்டும்.

நான்காவது, விசாரணைக் காலம். புலன் விசாரணையின் நிலையை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டியது காவல்துறையின் கடமை. மிரட்டல் வந்தால் 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

ஐந்தாவது, சாட்சி சொல்லும் நாள். பாதிக்கப்பட்டவர் மிக அஞ்சும் நாள் இதுவே. முன்னதாகவே ஒருநாள் நீதிமன்றத்தைக் காட்டி, எவர் எங்கே அமர்வார், குறுக்கு விசாரணை என்றால் என்ன என்று விளக்கிவையுங்கள். புரியாத கேள்வியைத் திரும்பக் கேட்கலாம், தெரியாததைத் தெரியாது என்று கூறலாம் எனத் தைரியப்படுத்துங்கள். அரசு வழக்கறிஞருக்கு உதவத் தமது சொந்த வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள நீதிமன்றத்திடம் அனுமதி கோரலாம். வசதியில்லாதவர்கள் அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வன்முறைக் கலவரங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கும், குறைந்த வருமானமுள்ளவர்களுக்கும் இவ்வுரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது.

ஆறாவது, இழப்பீடு. குற்றவாளி தண்டிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குற்றவாளி யாரென்றே கண்டுபிடிக்கப்படாவிட்டாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதங்களுக்குள் விசாரணையை முடித்து உரிய இழப்பீட்டை வழங்க வேண்டும்.

ஏழாவது, தீர்ப்புக்குப் பின். குற்றவாளி விடுவிக்கப்பட்டாலோ, சிறிய குற்றத்திற்காக மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாமலிருந்தாலோ பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். தோல்வியுற்ற நாளில்தான் துணை அதிகம் தேவைப்படுகிறது.

22 ஆண்டுகள் நீண்ட ஒரு வழக்கு

துணை இருப்பதும் இல்லாதிருப்பதும் என்ன வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு நாடறிந்த இரு வழக்குகளைக் கூறலாம்.

2002 மார்ச் 1ஆம் தேதி வதோதராவில் பெஸ்ட் பேக்கரி எரிக்கப்பட்டு 14 பேர் கொல்லப்பட்டனர். சாட்சிகள் பலர் பிறழ் சாட்சிகளாக மாறியதால் 2003இல் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுவிக்கப்பட்டனர். 2004இல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிராவில் மறுவிசாரணை நடத்த உத்தரவிட்டது. 2006இல் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டார்கள். பின்னர் மேல்முறையீட்டில் அவர்களில் சிலர் விடுவிக்கப்பட்டனர். வாக்குமூலத்தை மாற்றி மாற்றிக் கூறிய முக்கிய சாட்சியும் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற நேர்ந்தது. கொலையுண்டவர்களின் குடும்பத்தைச் சேர்ந்த சாட்சியே சிறை செல்லும் நிலை ஏற்பட்டதென்றால், அச்சத்துக்கும் நெருக்கடிக்கும் இடையில் சாட்சிகளைத் தனியே விடுவது எவ்வளவு பெரிய தீங்கு!

மற்றொரு வழக்கு பில்கிஸ் பானு என்னும் சகோதரியுடையது. அதே 2002 மார்ச்சில், கர்ப்பிணியாக இருந்த அவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். மூன்று வயது மகள் உட்படக் குடும்பத்தார் பலர் கொல்லப்பட்டனர். உள்ளூர்க் காவல்துறை வழக்கை மூடியது. தேசிய மனித உரிமை ஆணையத்தின் துணையுடன் அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். விசாரணை சி.பி.ஐ.யிடம் ஒப்படைக்கப்பட்டது, வழக்கு மும்பைக்கு மாற்றப்பட்டது. 2008இல் 11 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2019இல் 50 லட்சம் ரூபாய் இழப்பீடும், வேலையும், வீடும் வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 ஆகஸ்ட் 15 அன்று அந்த 11 பேரும் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டபோது, அதை எதிர்த்து முதலில் நீதிமன்றம் சென்றவர்களில் ஓர் அரசியல்வாதியும், ஒரு பத்திரிகையாளரும், ஒரு பேராசிரியையும் இருந்தனர். மூவரும் பெண்கள்; மூவரும் அச்சகோதரியின் சமயத்தைச் சேராதவர்கள். பின்னர் அச்சகோதரியும் மனுச் செய்தார். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, குற்றவாளிகள் சிறைக்குத் திரும்ப உத்தரவிட்டது.

22 ஆண்டுகள்! கணவர் உடனிருந்தார், வழக்கறிஞர்கள் உடனிருந்தனர், முன்பின் அறியாத பெண்கள் உடன் நின்றனர். ஹில்ஃபுல் ஃபுளூல் நம் கண்முன் உயிர்பெற்றதைப் போன்றதல்லவா இது?

நீதியின் வரம்பு

மள்லூமுக்குத் துணை நிற்பவர் தாமே ளாலிமாக மாறிவிடக் கூடாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு, நீதி தவற உங்களைத் தூண்டிவிட வேண்டாம் என்பது அல்லாஹ்வின் கட்டளை (5:8).

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தொழுகைக்குச் சென்ற ஒரு பெண்ணை வழியில் ஒருவன் பலவந்தப்படுத்திவிட்டு ஓடினான். அப்பெண் கூக்குரலிட்டார். அவ்வழியே வந்தவர்கள் ஒருவரைப் பிடித்து வந்தார்கள். அப்பெண்ணும் இவர்தான் என்று எண்ணிவிட்டார். தண்டனை நிறைவேற்றப்படும் நேரத்தில் உண்மைக் குற்றவாளி எழுந்து ஒப்புக்கொண்டான். நபியவர்கள் அப்பெண்ணிடம், அல்லாஹ் உன்னை மன்னித்துவிட்டான், நீ செல்லலாம் என்று கூறி அனுப்பினார்கள். தவறுதலாகப் பிடிக்கப்பட்டவரிடமும் நல்வார்த்தை கூறினார்கள். (அபூதாவூத், திர்மிதீ)

இந்த ஒரு நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. பாதிக்கப்பட்ட பெண்ணை நபியவர்கள் ஒரு சொல்லாலும் குறைகூறவில்லை. அதேவேளை, தவறான மனிதர் அகப்பட்டுக்கொள்ளவும் கூடும் என்பதும் நமக்கு உணர்த்தப்படுகிறது. எனவே, சாட்சிக்குப் பொய் சொல்லிக்கொடுப்பதும், சேர்த்துச் சொல்லச் சொல்வதும் ஹராம். பொய்ச்சாட்சியைப் பெரும்பாவங்களில் ஒன்றாக நபியவர்கள் எண்ணிக் கூறினார்கள். சாய்ந்திருந்தவர்கள் எழுந்து அமர்ந்து அதைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். (புகாரீ) பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரையோ, குழந்தையின் படத்தையோ வாட்ஸ்அப்பில் பரப்புவது அனுதாபத்தினால் செய்தாலும் குற்றமே. அவர்களின் இரகசியம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்தாகும்.

மஹல்லாவின் பொறுப்பு

அருமைப் பெரியோர்களே! ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆண்களில் இருவரும் பெண்களில் இருவரும் இதற்கென முன்வர வேண்டும். பெண்ணுக்குப் பெண்ணே துணையாகச் செல்வது அவசியம். அவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகிச் சட்டத் தன்னார்வலர் பயிற்சி பெறலாம். பைத்துல்மாலிலிருந்து பயணச் செலவுக்கும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் குடும்பச் செலவுக்கும் ஒரு தொகையை ஒதுக்கலாம். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இலவச சட்ட உதவிக்கு 15100 ஆகிய எண்களை எழுதி வைக்கலாம்.

பெற்றோர்களே! மருத்துவமும் பொறியியலும் படிக்க வைக்கும் நீங்கள், பிள்ளைகளில் ஒருவரையேனும், குறிப்பாகப் பெண்மக்களில் ஒருவரையேனும் சட்டம் படிக்க வையுங்கள். மள்லூமின் உரிமையை மீட்டுக் கொடுக்கும் நிய்யத்துடன் கறுப்பு அங்கி அணிபவர் ஃபர்ளு கிஃபாயாவை நிறைவேற்றுபவராவார்.

யா அல்லாஹ்! அநீதியிழைக்கப்பட்ட எங்கள் சகோதர சகோதரிகளின் உள்ளங்களுக்கு ஆறுதலையும், அவர்களின் உரிமைகளுக்கு வெற்றியையும் தந்தருள்வாயாக! அவர்கள் எங்கள் வாசலைத் தட்டும்போது எழுந்து உடன் நடக்கும் கால்களை எங்களுக்குத் தருவாயாக! மோசடிக்காரர்களுக்காக வாதாடும் நாவிலிருந்தும், உண்மையறிந்து மௌனம் காக்கும் உள்ளத்திலிருந்தும் எங்களைக் காப்பாயாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.